கனடாவின் பிறந்தநாளுக்கு மா அவித்த கதை

1

நேற்றுக் காலை எங்கள் வீட்டுப் புகை மணி அலறத் தொடங்கியது. புகை மணி என்பது கூரையில் பொருத்தியிருக்கிற ஒரு வட்டப் பெட்டி. கொஞ்சம் புகை கண்டாலும் கத்தும். தாளிக்கிற தமிழ் வீடுகளில் அதற்கு ஓய்வே இல்லை. நான் மேல்மாடியில் சவரம் செய்துகொண்டிருந்தேன். பாதி முகத்தில் நுரையோடு கீழே ஓடி வந்து பார்த்தால், குசினி முழுக்க ஆவி. அடுப்பில் இட்டலிப் பானை. பக்கத்தில் என் மகள் ஆதிரை ஒரு துவாயால் கூரையை விசிறிக்கொண்டு நிற்கிறாள்.

"என்ன பிள்ளை, நெருப்போ?"

"இல்லை அப்பா. மா அவிக்கிறன்."

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு இதில் என்ன புதினம் என்று தோன்றும். கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, சூடு ஆறமுதல் அரித்து, தகர ரின்னில் போட்டு வைக்காத வீடு வன்னியில் எது? புதினம் என்னவென்றால், ஆதிரை அவித்தது புட்டுக்கும் இல்லை, இடியப்பத்துக்கும் இல்லை. நேற்று யூலை முதலாம் திகதி, கனடா தினம். அன்றைக்கு எங்கள் தெருவை வாகனம் வராமல் மறித்து, ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒவ்வொரு பண்டம் கொண்டுவந்து நீளமான மேசையில் வைப்பார்கள். எங்கள் வீட்டுப் பங்கு எப்போதும் ஒன்றுதான். மாவையும் பட்டரையும் சீனியையும் முட்டையையும் குழைத்து, பெரிய தட்டில் பரப்பி, வேகவைத்து, மேலே சிவப்பும் வெள்ளையுமாக ஐசிங் பூசிச் சதுரமாக வெட்டுகிற பிஸ்கட். இது வெள்ளைக்காரருடைய பண்டம். அவர்களுடைய எந்தச் செய்முறையிலும் 'முதலில் மாவை அவிக்கவும்' என்று இருக்காது.

மேல்மாடியில் என் அக்கா பரமேஸ்வரி, எங்கள் வாய்க்குப் பரமக்கா, நித்திரையில் இருந்தார். முந்தினநாள்தான் எங்கள் ஊரான வட்டக்கச்சியில் இருந்து வந்து இறங்கியவர். மணி அலறியும் அவர் எழும்பவில்லை. கோயில் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வளவில் குடியிருக்கிறவருக்கு இதெல்லாம் ஒரு சத்தமா?

கனடாவின் பிறந்தநாளுக்கு ஏன் மா அவிக்க வேண்டும் என்பதைச் சொல்லப் போனால், போன வருடத்துக்குப் போக வேண்டும்.

2

போன வருடம் நானும் ஆதிரையும் வட்டக்கச்சிக்குப் போனோம். அவளுக்கு அப்போது பதினாலு வயது. என் மனைவி சுகந்திக்கு வேலையிடத்தில் லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் மூடமுதலே ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, யூன் மாத நடுவில் போய் இறங்கினோம். திரும்புகிற டிக்கெட் ஓகஸ்ட் மாத நடுவில்.

இரண்டு மாதமும் எப்படி இருக்கும் என்று நான் விமானத்திலேயே மனதுக்குள் படம் ஓட்டிவிட்டேன். பிள்ளை வாய்க்காலில் குதிப்பாள், வரம்பில் ஓடுவாள், கன்றுக்குட்டியைக் கட்டிப்பிடிப்பாள். நடந்தது வேறு. ஆதிரை பசுவைப் பார்த்தாள். பசுவும் ஆதிரையைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. சோளகக் காற்று மண்ணை அள்ளி முகத்தில் போட்டது. அவள் அறைக்குள் போய் மின்விசிறிக்குக் கீழே குந்திவிட்டாள்.

அந்த மின்விசிறி புதிது. அந்த அறைக்கு அடித்த வெளிர்நீலப் பூச்சு புதிது. வளவுக்குள் கட்டிய கொமெட் கக்கூசும் புதிது. எல்லாம் அக்கா மருமகளுக்காகச் செய்வித்தவை. அக்காவுக்கும் அத்தானுக்கும் பிள்ளைகள் இல்லை. ஆதிரை பிறந்த நாளில் இருந்து, தொலைபேசியில் அக்காவின் முதல் கேள்வி "என்ர பிள்ளை சாப்பிட்டதோ" என்பதுதான். அந்தப் பிள்ளை முதல்முதலாக வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது. அக்கா கதவுக்கு வெளியே மாம்பழமும் தட்டுமாக நின்றதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

வெளியில் கூட்டிக்கொண்டு போனால் வேறு தொல்லை. சந்திக் கடையில், கோயிலில், பஸ்ஸில், எங்கே போனாலும் இரண்டே கேள்வி. "எப்ப வந்தனீங்கள்? எப்ப போறியள்?" இது எங்கள் ஊரில் வணக்கம் சொல்கிற மாதிரி. வட்டக்கச்சியே வந்து குடியேறினவர்களின் ஊர். என் அப்பாவும் தீவுப்பக்கத்தில் இருந்து குளத்துத் தண்ணியை நம்பி வந்து காடு வெட்டினவர்தான். வாறதும் போறதும் விசாரிப்பது எங்களுக்குப் பழக்கம். நானும் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு நடந்தேன். பக்கத்தில் நிற்கிறவளுக்கு அது எப்படிக் கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை.

ஒரு பின்னேரம் அவள் என்னிடம் வந்தாள்.

"அப்பா, டிக்கெட்டை மாத்தேலுமோ?"

"ஏன் பிள்ளை?"

"யூலை ஒண்டுக்கு நான் வீட்டை நிக்கோணும். நானும் அம்மாவும் பிஸ்கட் செய்யோணும். எல்லாரும் ரோட்டில நிப்பினம்."

"இதுவும் வீடுதானே."

"இது உங்கட வீடு."

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கனடாவில் இருந்துகொண்டு வருடக்கணக்காக நான் எழுதித் தள்ளுகிற ஏக்கம் எல்லாவற்றையும் இவள் மூன்று சொல்லில் முடித்துவிட்டாள். வட்டக்கச்சியில் என் மகள்தான் புலம்பெயர்ந்தவள். எனக்குப் பொங்கல் எப்படியோ அவளுக்கு அந்தச் சிவப்பு வெள்ளைப் பிஸ்கட் அப்படி. அதைச் சிரித்துத் தள்ள எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். யூலை முதலாம் திகதிப் பிஸ்கட்டை மாமி வீட்டிலேயே செய்வது. அன்றைக்குப் பிறகும் போக வேண்டும் என்று அவள் சொன்னால், நான் மறுபேச்சில்லாமல் டிக்கெட்டை மாற்றுவது. இது எங்கள் இரண்டு பேருக்குள் மட்டும். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

3

அக்காவிடம் சொன்னது இவ்வளவுதான்: கனடாவுக்குப் பிறந்தநாள் வருகிறது, பிள்ளை பண்டம் செய்யப் போகிறாள். அக்கா நல்ல கவனமாகக் கேட்டார். பிறகு, "அண்டைக்கு மச்சம் காய்ச்சலாமோ தம்பி?" என்றார்.

கனடா தினத்துக்கு மீன் சாப்பிடலாமா என்று கனடா அரசாங்கத்திடமே இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பண்டத்துக்கு முட்டை போடுவதென்று ஆதிரை சொன்னாள். அக்காவுக்கு அது ஒரு தீர்ப்பு மாதிரி ஆகிவிட்டது. "முட்டை போடுறதெண்டால் மச்சந்தான். அப்ப அத்தானிட்டை மீனுக்குச் சொல்லிவிடுறன்."

கிளிநொச்சி டவுனுக்குப் போய்ப் பட்டரும் ஐசிங் சீனியும் வனிலாவும் சிவப்புக் கலரும் வாங்கினோம். அடுத்த பிரச்சினை பண்டம் வேகிற போறணை அடுப்பு. எங்கள் பக்கத்தில் வீட்டில் போறணை வைத்திருப்பவர்கள் குறைவு. கலியாணக் கேக் என்றாலும் தட்டோடு பேக்கரிக்குத்தான் கொண்டு போவார்கள். சந்தியில் பேக்கரி வைத்திருக்கிற யோகன் கணக்காகச் சொல்லிவிட்டார். "விடிய பாண் இறக்கினாப்பிறகு போறணை அடங்கி நல்ல பதமா இருக்கும். பத்து மணிக்குள்ள கொண்டு வந்திடுங்கோ. பிந்தினால் ஆறிப்போம்."

யூலை முதலாம் திகதி காலை ஆதிரை குளித்து, தலைமயிரை இழுத்துக் கட்டிக்கொண்டு குசினிக்கு வந்தாள். அந்த இரண்டு கிழமையிலும் அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்ததை நான் காணவில்லை. பட்டரை அளந்தாள், சீனியை அளந்தாள். மா ரின்னைத் திறந்தாள். ஒரு பிடி அள்ளி விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"மாமி, இது என்ன மா?"

அக்கா அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர். "கோதுமை மாதான் குஞ்சு. நாலு மணிக்கு எழும்பி அவிச்சனான். ரெண்டு தரம் அரிச்சிருக்கு. ஒரு கட்டி இல்லைப் பார்."

"எல்லாத்தையுமோ?"

"பின்னை? வாங்கின முழுவதும் அவிச்சாச்சு. பச்சை மாவைத் திண்டால் வயித்துக்குத்து வரும் எல்லோ."

நான் குறுக்கே போய், இந்தப் பண்டத்துக்குப் பச்சை மாதான் வேண்டும், அது போறணையில் வேகும், அவித்த மா பசை பிடிக்காது என்று விளங்கப்படுத்தினேன். அக்கா அசையவில்லை. "ரெண்டாந்தரமும் வேகட்டுமன். நட்டமே?" என்றார். மா அரிக்கிற அரிதட்டை அவர் போரில் இடம்பெயர்ந்த காலத்திலும் ஊர் ஊராகக் கொண்டு திரிந்தவர். அவித்து அரிக்காத மாவை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பது அவருக்குக் கழுவாத தட்டில் சோறு போடுவது மாதிரி.

மணி ஒன்பது தாண்டிவிட்டது. கடைக்குப் போய் வேறு மா வாங்கி வந்தால் போறணை ஆறிவிடும். ஆதிரை கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் அவளுடைய தமிழ் திருந்திவிடும். அன்றைக்கு ஒரு சொல்கூடப் பிசகவில்லை.

"எல்லாம் பிழைச்சுப் போச்சு. இஞ்ச எனக்கு ஒண்டும் சரிவராது. இஞ்ச ஒருத்தருக்கும் நான் நிக்கிறது விருப்பமில்லை. எங்க போனாலும் எப்ப போறாய், எப்ப போறாய் எண்டுதான் கேக்கினம்."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அட குஞ்சு, அது போகச்சொல்லிக் கேக்கிறேல்லை. நாள் பாக்கக் கேக்கிறது. நீ போகமுதல் ஒருநாள் கூப்பிட்டுச் சோறு தரோணும் எல்லோ. எப்ப போறாய் எண்டு தெரியாமல் என்னெண்டு கோழி பிடிக்கிறது?"

ஆதிரை மா ஒட்டின விரலைத் துடைத்தாள்.

"நான் கேட்டனானோ?" என்றார் அக்கா.

அவள் யோசித்தாள். "இல்லை. நீங்கள் கேக்கேல்லை. ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ சொல்லிப்போடுவாய் எல்லோ."

சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குத் திரும்பிவிட்டார். அடுப்பில் அப்போது ஒன்றும் இருக்கவில்லை. என் அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அந்த இடத்தில்தான் விளங்கியது. ஆதிரை மா ரின்னைக் கிட்ட இழுத்தாள். பிறகு மாவை அள்ளிப் பட்டருக்குள் கொட்டினாள்.

4

மா சேரவில்லை. அக்கா கொதிதண்ணி விடலாம் என்றார். ஆதிரை இன்னும் பட்டர் போடலாம் என்றாள். மாமியும் மருமகளும் முதல்முதலாகச் சண்டை பிடித்ததைப் பார்க்க எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. கடைசியில் பட்டர் வென்றது. தட்டில் போட்டு உள்ளங்கையால் அமத்தி, அத்தானின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனாள். நான் சைக்கிளில் பின்னால் மிதித்தேன்.

யோகன் தட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இதென்ன பிள்ளை, கேக்கோ, பிஸ்கட்டோ?"

"ரெண்டுக்கும் நடுவில."

"அப்ப நல்லது. பிழைச்சாலும் ஆருக்கும் தெரியாது," என்று சொல்லி, நீளத் துடுப்பில் வைத்து உள்ளே தள்ளினார்.

பின்னேரம் வீட்டுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாங்கள் நாலு பேரும் தின்கிற பண்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், "எங்கட பிள்ளையின்ர நாட்டுக்குப் பிறந்தநாள், வாங்கோ" என்று. எல்லாரும் முழுகி, நல்ல உடுப்பு உடுத்து வந்தார்கள். ஒருவர் பரிசுப்பொதி கொண்டுவந்தார். கனடாவின் சார்பில் ஆதிரை அதை வாங்கினாள். கனடாவுக்கு ஒரு பென்சில் பெட்டி கிடைத்தது.

ஐசிங் அந்த வெக்கைக்கு நிற்கவில்லை. வெள்ளைக்கு நடுவில் அவள் வரைந்திருந்த கனடாக் கொடியின் சிவப்பு இலை மெல்ல மெல்ல அகன்றது. முன்வீட்டு நாகம்மா அன்ரி குனிந்து பார்த்தார்.

"செவ்வரத்தம்பூவோ பிள்ளை?"

"இலை, அன்ரி."

"இலை ஏன் சிவப்பாக் கிடக்கு? பட்டுப்போச்சோ?"

ஆதிரை என்னைப் பார்த்தாள். அவளுடைய வாயோரம் துடித்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. மெழுகுதிரி கொளுத்தினார்கள். பிறந்தநாள் பாட்டைப் பாடினார்கள், பெயர் வருகிற இடத்தில் எல்லாரும் கனடா என்று இழுத்தார்கள். ஆதிரை கத்தியை வைத்தாள். வைத்த இடத்தில் பண்டம் பொலபொலவென்று உதிர்ந்தது. ஒரு துண்டுகூடத் துண்டாக வரவில்லை. தட்டு முழுக்கச் சிவப்பும் வெள்ளையுமாகத் தூள்.

அக்கா எழும்பிப் போய்க் கை கழுவினார். வந்து தட்டுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தார். ஒரு பிடி அள்ளி, ஐசிங்கோடு சேர்த்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தார். உருண்டையாக வந்தது. பட்டரும் அவித்த மாவும் சீனியும் அந்தக் கைக்குத் தெரியாத சாமான்களா? பயத்தம் உருண்டை பிடித்த கை அது. அக்கா பிடித்துக் கொடுக்க, ஆதிரை ஒவ்வொருவருடைய வாயிலும் வைத்தாள், பிறந்தநாள் கேக் தீத்துகிற மாதிரி. அவர்களும் அவளுக்குத் திருப்பித் தீத்தினார்கள். நல்ல ருசி. பொய் சொல்லவில்லை, சுகந்தி செய்வதைவிட நல்ல ருசி. இந்த வசனத்தை அவள் வாசிக்கமாட்டாள் என்ற துணிவில் எழுதுகிறேன்.

உருண்டையை மென்றுகொண்டே நாகம்மா அன்ரி கேட்டார்: "அது சரி, எப்ப போறியள் பிள்ளை?"

அக்காவின் கை தட்டில் அப்படியே நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஓகஸ்ட் பதினைஞ்சு, அன்ரி," என்றாள் ஆதிரை. "இன்னும் கன நாள் இருக்கு."

"அப்ப வாற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கட வீட்டை."

"ஓம் அன்ரி."

அக்கா அடுத்த உருண்டையைப் பிடிக்கத் தொடங்கினார். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்தது. டிக்கெட் பற்றி ஆதிரை பிறகு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் கோழி பிடித்தார்கள். புறப்படுகிற அன்றைக்கு என் காற்சட்டைப் பொத்தான் பூட்டுப்படவில்லை.

5

அக்காவை இங்கே கூப்பிடுவது என்று ஆதிரைதான் பிடிவாதமாக நின்றாள். முதல் தரம் விசா மறுத்துவிட்டார்கள். பயணம் முடிந்து திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லையாம். அரசாங்கப் பாசையை உரித்துப் பார்த்தால் நாகம்மா அன்ரி கேட்டதைத்தான் அவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஒரே வித்தியாசம், இவர்கள் கோழி பிடிப்பதற்காகக் கேட்கவில்லை.

அக்காவுக்கு அது பெரிய அவமானம். "நான் ஏன் அங்க நிக்கப்போறன்? சிறுபோக நெல்லு வெட்டு ஆர் பாக்கிறது? பசுவுக்கு ஆர் தண்ணி வைக்கிறது?" என்று தொலைபேசியில் பொரிந்தார். அதை எல்லாம் ஆதிரை ஆங்கிலத்தில் எழுதினாள். காணி, வயல், அத்தான், பசு, எல்லாம் வந்தன. இரண்டாம் தரம் விசா கிடைத்தது. பசுவால்தான் கிடைத்தது என்று அக்கா இன்றைக்கும் நம்புகிறார்.

நேற்றுப் பின்னேரம் தெருவில் மேசை போட்டார்கள். புகை மணி அலற அலற அவித்த அந்த மாவில் ஆதிரை பிஸ்கட் சுட்டு, சிவப்பும் வெள்ளையும் பூசி, முறைப்படி கத்தியை வைத்தாள். முறைப்படி உதிர்ந்தது. அக்கா கை கழுவிவிட்டு வந்தார். இந்தத் தரம் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பிடித்தார்கள். அடுத்த வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒன்றைத் தின்றுவிட்டு, இது உங்கள் நாட்டுப் பாரம்பரியப் பண்டமா என்று என்னிடம் கேட்டார். ஓம் என்றேன். எந்த நாடு என்று அவர் கேட்கவில்லை.

அந்த நேரம் முனை வீட்டுச் சிவராசா அண்ணர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கனடா வந்து முப்பது வருடத்துக்கு மேல். அக்காவைக் கண்டதும் முகம் மலர்ந்து நேரே வந்தார்.

"ஊரில இருந்தோ அக்கா? எப்ப வந்தனீங்கள்?"

"நேற்றுத்தான் தம்பி," என்றார் அக்கா.

"எப்ப போறியள்?"

கேட்டால் சொல்வதுதானே மரியாதை. அக்கா சொல்ல வாயைத் திறந்தார். ஆதிரை கையில் இருந்த உருண்டையைத் தூக்கி அந்த வாய்க்குள் வைத்துவிட்டாள். முழு உருண்டை. அக்காவால் மூச்சுவிடத்தான் முடிந்தது.

"சொல்லாதேங்கோ மாமி," என்றாள்.

அக்கா வாய் நிறைய மாவோடு அவளைப் பார்த்தார். கண் கலங்கியது, விக்கலா வேறேதுமா என்று நான் விசாரிக்கவில்லை. சிவராசா அண்ணர் ஒன்றும் விளங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீராவது சொல்லும் தம்பி. அக்கா எப்ப போறா?"

டிக்கெட் வாங்கினவன் நான்தான். திகதி, நேரம், விமானம் மாறுகிற இடம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"ஞாபகமில்லை அண்ணை," என்றேன்.